குடியை நிறுத்த நினைப்பவருக்கு: ஒத்துவரும் குழுக் கூட்டத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது எப்படி?

குடியை விடப்போகிறேன் என்று சொன்னதும் எல்லோரும் தரும் யோசனை, "ஏதாவது ஒரு குழுவில் சேருங்கள்" என்பதுதான். எந்தக் குழு, அது எங்கே கூடுகிறது, உள்ளே போனால் என்ன நடக்கும், பேசச் சொன்னால் என்ன பேசுவது என்றெல்லாம் யாரும் விளக்குவதில்லை. அதனால் பலர் தட்டுத்தடுமாறி ஒரு கூட்டத்துக்குப் போகிறார்கள். அது பிடிக்கவில்லை என்றால் "இதெல்லாம் நமக்குச் சரிப்படாது" என்று அதோடு விட்டுவிடுகிறார்கள். இதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒரே அமைப்பு நடத்தும் இரண்டு கூட்டங்கள்கூட ஒன்றுபோல் இருக்காது. செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் மூச்சு முட்டியவர், அதே கட்டடத்தில் நடக்கும் வியாழக்கிழமைக் கூட்டத்தில் நிம்மதியாக உட்காரலாம்.

ஆகவே தேட வேண்டும். தேடும்போது மனதில் வைத்துக்கொள்ள ஒரு கேள்வி போதும்: நேற்று இரவு நான் குடித்திருந்தால், இன்று இங்கே வந்து அதைச் சொல்ல முடியுமா?

குழுவுக்கு முன்னால் மருத்துவர்

தினமும் அதிகமாகக் குடிப்பவர் முதலில் செய்ய வேண்டியது மருத்துவரைப் பார்ப்பது. பல காலம் மதுவுக்குப் பழகிய மூளை, அது திடீரென்று நின்றுபோனால் தாங்காது. கடைசியாகக் குடித்து 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை தொடங்கலாம். வலிப்பு வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு நாட்களுக்குள் வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குக் கடுமையான மனக்குழப்பம் வருகிறது, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது, காய்ச்சலும் சேர்ந்துகொள்கிறது. இதற்குச் சிகிச்சை கிடைக்காவிட்டால் உயிரே போகலாம். முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர்கள், காலையில் எழுந்ததும் நடுக்கம் நிற்பதற்காகவே குடிப்பவர்கள் ஆகியோர் மன உறுதியை மட்டும் நம்பி வீட்டிலேயே நிறுத்தக் கூடாது. மருத்துவமனையில் சில நாள் மருந்து கொடுத்து, பாதுகாப்பாகக் குடியை நிறுத்த உதவுவார்கள். அதன் பிறகு குழுவுக்குப் போகலாம், அல்லது இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்கலாம்.

குடியை விட உதவும் நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட், டைசல்ஃபிரம் போன்ற மருந்துகளை மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால், குழுவில் சேர்ந்த பிறகும் தொடருங்கள். டைசல்ஃபிரம் சாப்பிடுபவர் மது குடித்தால் உடம்பு கடுமையாக எதிர்வினை காட்டும். அதனால் அதை வீட்டார் சாப்பாட்டில் ரகசியமாகக் கலந்து கொடுப்பது ஆபத்து. யார் சொன்னாலும் அதைச் செய்யாதீர்கள்.

என்னென்ன குழுக்கள் இருக்கின்றன

அதிக நாடுகளில் பரவியிருப்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. அது தொடங்கிய விதம், புதிதாகப் போகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று. 1935-இல் பில் வில்சன் என்ற பங்குத் தரகர் அமெரிக்காவின் அக்ரன் நகரத்துக்குத் தொழில் விஷயமாகப் போயிருந்தார். போன காரியம் தோற்றுப்போனது. குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. விடுதியின் மதுக்கூடம் பக்கத்திலேயே இருந்தது. தான் குடிக்காமல் இருக்க வேண்டுமென்றால் இன்னொரு குடிநோயாளியிடம் பேச வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. விடுதியிலிருந்தபடியே தேவாலயங்களுக்குத் தொலைபேசியில் பேசி விசாரித்தார். அப்படிக் கிடைத்தவர்தான் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். பாப் கடைசியாகக் குடித்த நாள் என்று சொல்லப்படும் 1935 ஜூன் 10-ஐத்தான் ஏ.ஏ. தன் தொடக்க நாளாகக் கொள்கிறது. உதவி தேடிப் போனவர் பில். நீங்கள் முதல் கூட்டத்துக்குப் போகும்போது அங்கே இருப்பவர்களுக்கும் உங்களால் ஒரு பயன் உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறேன். தயங்கி நிற்பவர்கள் இதை நம்புவதில்லை. ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் மனதாரச் சொல்வது இதைத்தான்.

குடியிலிருந்து மீள உறுப்பினர்கள் ஒவ்வொன்றாகக் கடைப்பிடிக்கும் ஏ.ஏ.வின் பன்னிரண்டு படிகள் 1939-இல் புத்தகமாக வந்தன. அவற்றில் கடவுள் என்ற சொல் வரும், "நாங்கள் புரிந்துகொண்ட விதத்தில் கடவுள்" என்றும் சொல்வார்கள். நம்பிக்கை உள்ளவர்களுக்கு அது பெரிய துணை. நம்பிக்கை இல்லாதவர்கள் அங்கேயே தயங்கி நின்றுவிடக் கூடாது. கடவுள் மறுப்பாளர்களுக்கும் ஐயம் உள்ளவர்களுக்குமான ஏ.ஏ. கூட்டங்களே பல இடங்களில் நடக்கின்றன. உறுப்பினராவதற்கு ஒரே தகுதிதான், குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். கட்டணம் கிடையாது. கூட்டத்தின் நடுவில் ஒரு பை சுற்றிவரும், விருப்பமுள்ளவர்கள் ஏதாவது போடுவார்கள். புதியவர் அதை அப்படியே அடுத்தவரிடம் கொடுத்தால் போதும்.

ஸ்மார்ட் ரிக்கவரி 1994-இல் தொடங்கியது. ஆன்மிகப் பேச்சு இருக்காது. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் உளவியல் பயிற்சிகளை அடிப்படையாகக் கொண்டது. குடிக்கும் ஆசை எழும்போது அதைச் சமாளிப்பது, உணர்ச்சிகளைக் கையாள்வது என்று தாளும் பேனாவுமாக வேலை நடக்கும். பயிற்சி பெற்ற ஒருவர் நடத்துவார், ஒருவருக்கொருவர் கேள்வி கேட்கலாம், யோசனை சொல்லலாம். "நான் ஒரு குடிநோயாளி" என்று அறிமுகம் செய்துகொள்ளச் சொல்ல மாட்டார்கள். அந்த வாக்கியமே தொண்டையில் சிக்குகிறது என்பவர்களுக்கு இது நல்ல வாசல்.

பெண்களுக்கென்றே விமன் ஃபார் சொப்ரைட்டி இருக்கிறது. சமூகவியல் படித்த ஜீன் கிர்க்பாட்ரிக் 1975-இல் தொடங்கியது. குற்ற உணர்ச்சியில் ஏற்கெனவே மூழ்கிக் கிடக்கும் பெண்ணுக்குத் தன்மதிப்பு முதலில் திரும்ப வேண்டும் என்பது அவர்கள் வழி. மதச்சார்பற்ற லைஃப்ரிங், புத்தரின் போதனைகளையும் தியானத்தையும் ஒட்டிய ரிக்கவரி தர்மா போன்றவையும் உண்டு. பல மருத்துவமனைகளின் குடிநோய் சிகிச்சைப் பிரிவுகள் தாமே வாராந்திரக் குழு நடத்துகின்றன.

எது சிறந்தது என்று கேட்பீர்கள். மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. சிகிச்சையாளர் துணையோடு ஏ.ஏ.வுக்குள் வந்தவர்கள் தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் மற்ற சிகிச்சைகள் பெற்றவர்களைவிடச் சற்று மேலாகவே இருந்தார்கள். ஏ.ஏ. மீது நம்பிக்கையோடு போக இது நல்ல காரணம். ஆனால் அங்கே ஒட்டாதவர் வேறு குழுவில் தொடர்ந்து உட்கார்ந்தால், அதுவே அவருக்குச் சரியான குழு.

உங்களுக்கு என்ன வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள்

இதற்கு ஐந்து நிமிடம் போதும். முதலில் மொழி. மனசு உடைந்து பேசும்போது எந்த மொழி வாயில் வருகிறதோ, அந்த மொழியில் நடக்கும் கூட்டம் கிடைத்தால் நல்லது. ஆண், பெண் கலந்த கூட்டத்தில் பேச முடியுமா, தெரிந்தவர் வந்துவிடுவாரோ என்ற பயம் எவ்வளவு, மத வாசனை இருந்தால் பரவாயில்லையா, குழந்தையை யாரிடம் விட்டுப் போவது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

நேரம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம் என்பேன். நீங்கள் வழக்கமாக எந்த நேரத்தில் முதல் கிளாஸை எடுப்பீர்களோ, அந்த நேரத்தில் நடக்கும் கூட்டத்தைத் தேடுங்கள். மாலை ஏழு மணிக்குக் கை பரபரக்கும் ஒருவருக்குக் காலைக் கூட்டம் அறிவைத் தரும், ஆனால் அந்த ஏழு மணி தனியாகத்தான் கழியும். போகிற வழியையும் பாருங்கள். வழக்கமான மதுக்கடையைத் தாண்டித்தான் போக வேண்டுமென்றால் வேறு பாதையோ வேறு கூட்டமோ தேடுங்கள்.

தேடுவது

அந்தந்த அமைப்பின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் கூட்டங்களின் பட்டியல் இருக்கும். ஏ.ஏ.வுக்கு மீட்டிங் கைடு என்ற இலவசச் செயலியும் உண்டு. நீங்கள் இருக்கும் இடத்துக்கு அருகில் எங்கே, எப்போது என்று அது காட்டும், பட்டியலில் சேர்ந்திருக்கும் பகுதிகளுக்கு மட்டும். இணையம் பழக்கமில்லை என்றால் உதவி எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம். பெரும்பாலும் குடியிலிருந்து மீண்ட ஒருவரே எடுத்துப் பேசுவார். சிகிச்சை தரும் மனநல மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ கேட்டாலும் தெரிந்திருக்கும்.

பட்டியலில் சில சொற்கள் வரும். திறந்த கூட்டம் என்றால் குடும்பத்தார், மாணவர்கள், சும்மா தெரிந்துகொள்ள வருபவர்கள் என்று யாரும் உட்காரலாம். மூடிய கூட்டம், குடிப் பிரச்சினை உள்ளவர்களுக்கும் குடியை நிறுத்த விரும்புபவர்களுக்கும் மட்டும். முதல் தடவை துணைக்கு ஒருவரோடு போக விரும்பினால் திறந்த கூட்டம். பெயர் வெளியே போய்விடுமோ என்ற பயம் அதிகமென்றால் மூடிய கூட்டம். பேச்சாளர் கூட்டத்தில் ஒருவரோ இருவரோ தம் கதையைச் சொல்வார்கள், மற்றவர்கள் கேட்பார்கள். பேசக் கூச்சப்படுபவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. கலந்துரையாடல் கூட்டத்தில் ஒரு தலைப்பை எடுத்து ஆளுக்குச் சில நிமிடம் பேசுவார்கள். படிகளை ஒவ்வொன்றாக வாசித்து அலசும் கூட்டங்கள் கொஞ்ச நாள் போனவர்களுக்குப் பொருத்தம். புதியவர்களுக்கான கூட்டம் என்று தனியாகப் போட்டிருந்தால் யோசிக்காமல் அதற்குப் போங்கள்.

கிளம்புவதற்கு முன் ஒரு அழைப்பு அவசியம். பட்டியல்கள் பழசாகிவிடும், இடமும் நேரமும் மாறியிருக்கும். பூட்டிய கதவின் முன் நின்றவர் நேராக மதுக்கடைக்குப் போய்விடும் ஆபத்து இருக்கிறது. "இந்தக் கூட்டம் இந்த வாரம் நடக்கிறதா? எந்த வாசல் வழியாக வர வேண்டும்? முதல் தடவை வருகிறேன், யாராவது வாசலில் இருப்பார்களா?" இந்த மூன்றையும் கேளுங்கள். மூன்றாவதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். பல குழுக்களில் இதற்கென்றே ஒருவரை நிறுத்துவார்கள்.

இணையவழிக் கூட்டங்கள் எந்த நேரத்திலும் எங்காவது நடந்துகொண்டிருக்கும். நள்ளிரவில் தூக்கம் வராமல் தவிப்பவருக்கும், வெளியே போக முடியாதவருக்கும் இது பெரிய உதவி. நுழைவதற்கு முன் திரையில் உங்கள் பெயர் எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். அலுவலகக் கணக்கில் நுழைந்தால் முழுப் பெயரும் நிறுவனத்தின் பெயரும் எல்லோருக்கும் தெரிந்துவிடலாம். பெயரை மாற்றிக்கொண்டு, கேமராவை அணைத்து, காதில் ஒலிப்பானை மாட்டிக்கொண்டு உட்காருங்கள். இணையக் கூட்டத்தோடு நின்றுவிடாமல் மாதத்தில் சில தடவையாவது நேரில் போக முடிந்தால் நல்லது. கூட்டம் முடிந்த பிறகு வாசலில் நின்று பேசும் பேச்சு இணையத்தில் கிடைப்பது அபூர்வம்.

முதல் நாள்

பத்து நிமிடம் முன்னதாகப் போங்கள். கூட்டம் ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ நடக்கும். ஏ.ஏ.வாக இருந்தால் குழுவைப் பற்றிய ஒரு சிறு முன்னுரையை வாசித்துத் தொடங்குவார்கள். பிறகு ஒவ்வொருவராகப் பகிர்வார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கிடுவதில்லை, பதில் சொல்வதில்லை, அறிவுரையும் தருவதில்லை. "நான் பேசினேன், யாருமே ஒன்றும் சொல்லவில்லையே" என்று நினைக்க வேண்டாம், அங்கே வழக்கமே அதுதான்.

உங்கள் முறை வந்தால் முதல் பெயரை மட்டும் சொல்லி, "இன்று கேட்க மட்டும் வந்தேன்" என்றால் போதும். யாரும் வற்புறுத்த மாட்டார்கள். புதியவர்கள் கையை உயர்த்தச் சொன்னால் உயர்த்தலாம், வேண்டாமென்றால் விடலாம். 24 மணி நேரம் குடிக்காமல் இருப்பதன் அடையாளமாக நாணயம் போன்ற சிறு வில்லை ஒன்றைக் கொடுக்கும் குழுக்கள் உண்டு. முடிவில் பிரார்த்தனை சொன்னால், சொல்ல விருப்பமில்லாதவர் அமைதியாக நின்றால் போதும்.

அன்று குடித்துவிட்டீர்கள் என்றால் என்ன செய்வது? போகலாம். தகராறு செய்யாமல் உட்கார்ந்து கேட்டால் யாரும் வெளியே அனுப்ப மாட்டார்கள். அன்று பேச வேண்டாம் என்று சில குழுக்கள் கேட்டுக்கொள்ளும். வண்டி மட்டும் ஓட்டாதீர்கள்.

இன்னொரு விஷயம். அங்கே கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது எல்லோரும் மதிக்கும் வழக்கம், ஆனாலும் அது மருத்துவரோ வழக்கறிஞரோ சட்டப்படி காக்க வேண்டிய ரகசியம் போன்றது ஆகாது. வழக்கு நடக்கும் விவகாரம், அடுத்தவரின் அந்தரங்கம், வேலையைப் பறிக்கக்கூடிய தகவல் ஆகியவற்றை முழுக் கூட்டத்தின் முன் கொட்டாதீர்கள். அவற்றுக்குத் தகுதியான தனி ஆள் வேண்டும்.

ஒத்துவருகிறதா என்று எப்படி அறிவது

முதல் கூட்டத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். அன்று உங்கள் உடம்பு வேறு, மனசு வேறு. பயத்தில் பாதி காதில் விழாது. ஐந்தாறு கூட்டங்கள், அதுவும் வேறு வேறு குழுக்களில், போய்ப் பார்த்த பிறகு ஒப்பிடுங்கள்.

எதைப் பார்ப்பது? பல ஆண்டுகளாகக் குடிக்காதவர்களும் இந்த வாரம்தான் வந்தவர்களும் கலந்து இருக்கிறார்களா என்று பாருங்கள். எல்லோரும் புதியவர்கள் என்றால் வழி காட்ட ஆளில்லை. எல்லோரும் பழையவர்கள் என்றால் உங்கள் அவஸ்தை அவர்களுக்கு மறந்துபோயிருக்கலாம். சிரிப்புச் சத்தம் கேட்கிறதா? நல்ல குழுவில் நிச்சயம் கேட்கும். புதியவரிடம் யாராவது வந்து பேசுகிறார்களா, அதே சமயம் விடாமல் பிடித்துக்கொள்ளாமலும் இருக்கிறார்களா? ஒருவரே அரை மணி நேரம் பேசும்போது நடத்துபவர் மென்மையாக நிறுத்துகிறாரா?

எல்லாவற்றுக்கும் மேலாக, சறுக்கி மறுபடி குடித்துவிட்டுத் திரும்பி வந்த ஒருவரை அந்த அறை எப்படி நடத்துகிறது என்று கவனியுங்கள். இதைப் பார்க்கும் வாய்ப்பு சில வாரங்களில் தானாகவே கிடைக்கும். அவர் பேசி முடித்ததும் பக்கத்தில் இருப்பவர் தோளைத் தொடுகிறாரா, "திரும்ப வந்ததே பெரிது" என்கிறார்களா, இல்லை முகங்கள் இறுகுகின்றனவா? குடிநோயில் சறுக்கல் சாதாரணம். நாளைக்கு அந்த நாற்காலியில் நீங்கள் உட்காரலாம். மேடைப் பேச்சுப் போல அழகாகப் பேசுபவர்கள் நிறைந்த குழுவைவிட, தோற்றவர் தலைநிமிர்ந்து உட்காரும் குழு உங்களைக் காப்பாற்றும்.

சில அடையாளங்களைப் பார்த்தால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். மருந்தை நிறுத்தச் சொன்னால் ஒரு நிமிடம்கூட யோசிக்காதீர்கள். உறுப்பினர் யாரும் மருத்துவராக நடந்துகொள்ளக் கூடாது என்று ஏ.ஏ.வே தன் வெளியீட்டில் எழுதியிருக்கிறது. பணம் கட்டச் சொல்வது, பொருள் விற்பது, கடன் கேட்பது இவையும் அப்படித்தான். புதிதாக வந்தவரின் பலவீனமான நேரத்தைப் பயன்படுத்திக் காதல் பேச்சுப் பேசுபவர்களும் சில இடங்களில் உண்டு. பெண்களும் இளைஞர்களும் இதில் கவனமாக இருக்க வேண்டும். உங்களுக்குச் சங்கடமாக இருந்தால் காரணம் சொல்ல வேண்டிய அவசியமில்லை, குழுவை மாற்றுங்கள். ஆனால் குழுத் தேடலையே விட்டுவிடாதீர்கள்.

பிடித்த பிறகு

ஒரு குழுவை உங்கள் சொந்தக் குழுவாக்கிக்கொள்ளுங்கள், வாரம் தவறாமல் அதே இடம். ஏ.ஏ. வட்டாரங்களில் தொண்ணூறு நாளில் தொண்ணூறு கூட்டம் என்பார்கள். அது விதி ஒன்றும் கிடையாது. ஆனால் முதல் மூன்று மாதம் அடிக்கடி போகச் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆசை அதிகமாகத் தொந்தரவு செய்யும் காலம் அது. சீக்கிரமே போய் நாற்காலி போட உதவுங்கள். பேசத் தெரியாதவர்களுக்கும் அந்த இடத்தில் ஒரு வேலை கிடைக்கும், நான்கு பேர் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்குவார்கள்.

அப்புறம் தொலைபேசி எண்கள். குறைந்தது மூன்று பேரின் எண்ணை வாங்கி, ஆசை வராத ஒரு நாளில் சும்மா அழைத்துப் பேசிப் பழகுங்கள். அந்தப் பழக்கம் இருந்தால்தான் அவசர நேரத்தில் விரல் அந்த எண்ணைத் தேடும். படிகளில் கூடவே நடத்திக்கொண்டு போகும் ஸ்பான்ஸர் என்று ஒருவரை ஏ.ஏ.வில் தேர்ந்தெடுப்பார்கள். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பது பொதுவான வழக்கம். யாரைக் கேட்பது என்று தெரியவில்லை என்றால் "கொஞ்ச நாளைக்குத் தற்காலிகமாக இருக்கிறீர்களா?" என்று கேட்கலாம். ஒத்துவராவிட்டால் மாற்றிக்கொள்வதில் தப்பில்லை.

வீட்டில் உள்ளவர்களுக்குத் தனிக் குழு வேண்டும். 1951-இல் உருவான அல்-அனான் குடிநோயாளியின் குடும்பத்தாருக்கானது, அலட்டீன் இளம் பிள்ளைகளுக்கானது. குடிப்பவர் இன்னும் நிறுத்தவில்லை என்றாலும் அவர்கள் போகலாம். அவர் நிறுத்தும்வரை காத்திருந்து களைத்துப்போன பல மனைவிகளும் அம்மாக்களும் முதன்முதலில் தங்களுக்காக மூச்சுவிட்டது அங்கேதான்.

உங்கள் பக்கத்தில் எதுவுமே இல்லையென்றால்? இணையக் கூட்டத்தோடு தொடங்கி, அங்கே உங்கள் பகுதிக்காரர் யாராவது வருகிறாரா என்று விசாரியுங்கள். குடியை விடுவதற்காக இரண்டு மூன்று குடிநோயாளிகள் கூடினாலே, வேறு எந்த அமைப்போடும் இணையாதவரை, அதை ஏ.ஏ. குழு என்று சொல்லிக்கொள்ளலாம். இன்னொரு ஆள் கிடைத்துவிட்டால் ஒரு நூலக அறையோ சமூகக் கூடமோ கேட்டு வாங்குங்கள். பகுதி அலுவலகத்துக்கோ உதவி எண்ணுக்கோ தெரிவித்தால் தொடங்கத் தேவையான வாசகங்களை அனுப்பிவைப்பார்கள், பட்டியலிலும் சேர்ப்பார்கள். முதல் சில வாரம் நீங்கள் இருவர் மட்டுமே உட்கார்ந்திருக்க நேரலாம். சொன்ன கிழமையில், சொன்ன நேரத்தில் கதவைத் திறந்து வையுங்கள். பட்டியலைப் பார்த்து யாராவது அழைத்து, வாசலில் ஆள் இருப்பார்களா என்று கேட்டால், இருப்போம் என்று சொல்லுங்கள்.